வீட்டுக்கு வந்து நாய் குளிப்பாட்டுகிறவரைக் கூப்பிடுகிறீர்களா? முதலில் போத்தலைக் கேளுங்கள்

மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் நாய் வளர்க்கிறவர்கள் கொஞ்சம் வாசியுங்கள். ஆளின் பெயரைப் போடவில்லை. போட்டால் பேச்சு அவரைப் பற்றியதாகிவிடும். எனக்குச் சொல்ல வேண்டியது அவர் கொண்டுவந்த போத்தலைப் பற்றி.

எங்கள் ஜிம்மி பொமரேனியன் கலப்பு, வெள்ளை, ஆறு வயது. சித்திரைப் புதுவருஷத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது உண்ணி ஏறிவிட்டது. காது மடலுக்குள், விரல் இடுக்கில், எங்கே கை வைத்தாலும் உண்ணி. கிணற்றடியில் குந்தியிருந்து பிடுங்கிப் பிடுங்கி எனக்கு முதுகு விட்டுப்போனது. அந்த நேரம் பார்த்து பேஸ்புக்கில் ஒரு விளம்பரம்: வீட்டுக்கே வந்து குளிப்பாட்டி, முடி, நகம் வெட்டி, உண்ணி மருந்தும் அடித்துத் தருவார்களாம். 4,500 ரூபாய். உடனே அழைத்தேன்.

வந்தது ஒரு இளந்தாரித் தம்பி. நல்ல பேச்சு. முதல் வேலையாக ஜிம்மியை முற்றத்தில் நிறுத்தி நாலைந்து படம் எடுத்தார். விசர்நாய்த் தடுப்பூசி போட்டதா, ஏதும் வருத்தம் இருக்கா, ஒன்றும் கேட்கவில்லை. பையிலிருந்து மெஷினை எடுத்தால் பிளேட்டில் கறுப்பு முடி சிக்கியிருக்கிறது. வேறு நாயின் சொறியும் படையும் இப்படித்தான் வீடு வீடாகப் போகும். பார்த்தும் பேசாமல் இருந்தேன். வீடு தேடி வந்த பிள்ளையை எப்படிக் கேட்பது என்ற கூச்சம்.

“வெக்கைக்கு ஒட்ட வெட்டினாத்தான் நல்லம் அக்கா” என்றார். சரி என்றுவிட்டேன். தோல் தெரியச் சிரைத்துவிட்டார். இந்த இன நாய்களுக்கு மேல்முடிக்குக் கீழே பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு இருக்கிறது, வெயில் தோலில் நேரே படாமல் காப்பதும் அதுதான் என்பது பிறகுதான் தெரியும். சிரைத்தால் சில நாய்களுக்கு மாதக் கணக்கில் முடி திரும்பாது, சிலதுக்குத் திட்டுத் திட்டாகத்தான் வரும். பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, “என்னகா இது, உரிச்ச கோழி மாதிரி?” என்றா.

நகத்திலும் இரத்தம். கறுப்பு நகத்தில் உள்ளே ஓடும் நாளம் தெரியாது. நுனியில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சீவ வேண்டும். அவர் ஒரே வெட்டு. “மஞ்சள் தூள் இருக்கா அக்கா?”

இதெல்லாம் பொறுக்கலாம். மறுகாதான் அந்தப் போத்தல் வெளியே வந்தது. சோடாப் போத்தல், லேபல் இல்லை, உள்ளே மஞ்சள் தைலம். கோப்பையில் கண்மட்டத்துக்கு ஊற்றி, கொஞ்சம் தண்ணீர் விட்டார். பால் மாதிரி வெளுத்தது.

“என்ன மருந்து தம்பி?”

“உண்ணி மருந்துதான். மாட்டுக்கும் இதுதான் அடிக்கிறது, நல்ல பவர்.”

சிரைத்த புதுத் தோலில், கீறல் காயத்தோடு, தலையிலிருந்து வால் வரை தேய்த்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மணித்தியாலத்தில் ஜிம்மி தள்ளாடத் தொடங்கியது. வாயால் வாணி வடிந்தது. பிறகு எழும்பவே இல்லை. உடம்பு சில்லென்று கிடந்தது. ஆட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் ஓடினோம். இதயத் துடிப்பு குறைவு, உடல் வெப்பமும் குறைவு. அவர் முதலில் கேட்டது, “என்ன மருந்து போட்டீங்கள்?” என்னிடம் பதில் இல்லை. அந்த நிமிஷம் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

மணத்தையும் அறிகுறியையும் வைத்து அமிட்ராஸ் என்ற உண்ணிகொல்லி மருந்து என்று ஊகித்தார். மாட்டுக்கு வரும் கரைசல் பெரும்பாலும் 12.5 சதவீதம். நாய்க்கு என்றால் பல நூறு மடங்கு தண்ணீர் கலக்க வேண்டும், அதுவும் வைத்தியர் சொன்னால் மட்டும். காயம்பட்ட தோலில் போடவே கூடாது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, சேலைன் ஏற்றி, போர்வை சுற்றி ஒரு இரவு வைத்திருந்தார்கள். செலவு 11,000 ரூபாய்.

உண்ணி போனதா என்றால் அதுவும் இல்லை. அது வாழ்நாளில் பெரும்பகுதி நாயில் இருப்பதில்லையாம். சுவர் வெடிப்பிலும் நாய் படுக்கும் மூலையிலும்தான் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஒரு நாள் குளிப்பாட்டி முடிகிற விஷயம் இல்லை. இப்போது வைத்தியர் நிறையைப் பார்த்துத் தந்த மருந்து போடுகிறோம், மூலைகளைக் கூட்டிக் கழுவுகிறோம். பல் முரசு வெளிறினால், சிறுநீர் கறுத்தால், சாப்பாட்டை விட்டால் உடனே கொண்டுவரச் சொன்னார். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். பூனை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: பெர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லி கலந்த நாய் மருந்து பூனைக்கு எமன். இரண்டுக்கும் ஒரே போத்தலைத் திறக்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

காசைத் திருப்பித் தரச் சொல்லி அந்தத் தம்பிக்கு எழுதினேன். “உங்கட நாய்க்கு முதலே வருத்தம் இருந்திருக்கும் அக்கா” என்று ஒரு வரி. அடுத்த செய்திக்கு ப்ளொக்.

பிறகு தங்கச்சியின் கைபேசியில் அவருடைய பக்கத்தைப் பார்த்தோம். வெட்டுவதற்கு முன் முற்றத்தில் எடுத்த ஜிம்மியின் படம், பஞ்சு போல முடியோடு. கீழே, “இன்று கல்லடியில் நாங்கள் அழகுபடுத்திய செல்லம்.”