பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கார்ட்லெஸ் மைக் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள் (38,500 ரூபாய் போச்சு)

இன்னும் கோபம் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 38,500 ரூபாய். என் பணம் என்றாலாவது பரவாயில்லை, தலையெழுத்து என்று விட்டிருப்பேன். கோயில் பணம். ரசீது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி, ஐம்பதும் நூறுமாகச் சேர்த்தது. பூ கட்டி விற்கிற அக்கா கொடுத்த இருநூறும் அதில் இருக்கிறது. கார்ட்லெஸ் மைக் வாங்குவது எப்படி, வைத்து ஓட்டுவது எப்படி என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் ஆடி மாதம் கூழ் ஊற்றுவோம். அன்று சாயங்காலம் ஒரு சொற்பொழிவு, அது முடிந்ததும் பட்டிமன்றம். மைக் செட் போடுகிற தம்பி வருஷா வருஷம் கார்ட்லெஸ் மைக்குக்குத் தனி வாடகை கேட்கிறார், அவர் மேலும் தப்பில்லை, அவரும் வெளியே எடுத்துத்தான் தருகிறார். அதனால் இந்த வருஷம் சொந்தமாக ஒரு செட் வாங்கிவிடலாம் என்று கமிட்டியில் முடிவானது. கையில் பிடிக்கிற மைக் இரண்டு, இடுப்பில் மாட்டுகிற டிரான்ஸ்மிட்டரோடு காலர் மைக் இரண்டு, நாலு மைக் அனுப்புகிற சிக்னலையும் வாங்கி ஸ்பீக்கர் பக்கம் தருகிற ஒரே ரிசீவர். கோயிலில் வயர் இழுப்பது, ஆம்ப்ளிஃபயர் பார்ப்பது எல்லாம் நான்தான் என்பதால் வாங்கி வரும் பொறுப்பும் என்னிடம் வந்தது.

சிக்பேட் மெட்ரோவில் இறங்கி நடந்தால் எஸ்.பி. ரோடு. அங்கே ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில், படியிறங்கிப் போகிற மாதிரி ஒரு ஒலிக்கருவிக் கடை. பெயர் எழுதப் போவதில்லை. கூரை வரைக்கும் ஸ்பீக்கர் பெட்டி அடுக்கியிருக்கிற, கண்ணாடிக்குப் பின்னால் மைக் வரிசையாகப் படுத்திருக்கிற ரகக் கடை, அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்.

நான் கன்னடத்தில்தான் விலை கேட்டேன். என் பேச்சைக் கேட்டதும் கல்லாவில் இருந்தவர் தமிழுக்கு மாறிவிட்டார். "அண்ணா எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "அட, நாங்க தர்மபுரி பக்கம்ணா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்து டீ வாங்கி வரச்சொன்னார். கோயிலுக்கு என்று சொன்னதும் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, "அம்மனுக்குன்னா நான் லாபம் பாக்க மாட்டேன், நீங்க என்ன வேணா போட்டுக் குடுங்க" என்றார். அந்தக் கும்பிடு இருக்கிறதே, அதை நினைத்தால்தான் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. 45,000 என்று ஆரம்பித்து 38,500-க்கு வந்தார். இறக்குமதி சரக்கு, புதுப் பெட்டி, நூறு மீட்டர் போகும், ஒரு வருஷ வாரண்டி.

கடைப் பையன் போட்டுக் காட்டினான். ஒரு மைக்கை ஆன் செய்து "ஹலோ, மைக் டெஸ்ட்" என்றான், மணி மாதிரி கேட்டது. அதை அணைத்துவிட்டு அடுத்தது. அதை அணைத்துவிட்டு அதற்கு அடுத்தது. ஒவ்வொன்றாக. நாலையும் சேர்த்துப் போடு என்றதற்கு, "இங்க சின்ன இடம்ணா, எல்லாம் போட்டா ஊளையிடும், வெளிய போட்டா சூப்பரா இருக்கும்" என்று கடைக்காரர் சொன்னார். சின்ன அறையில் மைக்கும் ஸ்பீக்கரும் பக்கத்தில் இருந்தால் ஊளையிடும் என்பது உண்மைதானே, நம்பாமல் என்ன செய்வது?

பில் கேட்டேன். "ஜிஎஸ்டி போட்டா பதினெட்டு சதவீதம் ஏறும்ணா, கோயில் காசு எதுக்கு வீணா?" என்று ஒரு எஸ்டிமேட் தாளில் கையால் எழுதிக் கொடுத்தார். பணம் அனுப்ப க்யூஆர் அட்டையைக் காட்டினார், வந்த பெயர் கடையின் பெயர் இல்லை, "மச்சான் அக்கவுண்ட்" என்றார். அந்தக் கீழ்த்தளத்தில் என் போனுக்குச் சிக்னலே இல்லை. அட்டையைப் படம் பிடித்துக்கொண்டு படியேறி ரோட்டுக்கு வந்து நின்று பணம் அனுப்பினேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், விஷயமே அங்கேதான் இருக்கிறது.

விழா அன்று மத்தியானமே எல்லாம் பூட்டிவிட்டேன். ரிசீவரை மேடை ஓரத்தில் மேஜை மேல் உயரமாக வைத்து, இரண்டு ஆன்டெனாவையும் விரித்து, புது ஆல்கலைன் பேட்டரி போட்டு, மிக்ஸரில் சேர்த்து. அப்போதே லேசாகக் கரகரவென்றது. ஜெனரேட்டர் இரைச்சலாக இருக்கும் என்று நினைத்தோம். சாயங்காலம் கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்த அம்மா பேச ஆரம்பித்தார். நடந்துகொண்டே பேசுகிறவர், அதனால் காலர் மைக். ரிசீவர் பக்கம் நிற்கும்வரை சரி. மேடையின் அந்தப் பக்கம் போய்த் திரும்பினார், "அந்தத் தாய் என்ன சொன்னாள் தெரியுமா" என்றார், அதோடு போச்சு, தாய் என்ன சொன்னாள் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை. பிறகு ஸ்பீக்கரில் எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி ஒரு சத்தம். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பட்டிமன்றத்துக்கு நாலு மைக்கையும் போட்டதும் இன்னும் மோசம், ஒருவர் பேசினால் இன்னொருவர் மைக் வழியாகச் சீழ்க்கை. கடைசியில் மைக் செட் தம்பி வண்டியிலிருந்து வயர் மைக்கை எடுத்து வந்து மானத்தைக் காப்பாற்றினார். அதற்குள் நேரம் போய்விட்டது. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு சொல்லாமலேயே நடுவர் கும்பிடு போட்டு இறங்கினார்.

மறுநாள், நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைக்கிற நண்பர் ஒருவரை வரச்சொன்னேன். அவர் முதலில் டிரான்ஸ்மிட்டரின் பேட்டரி மூடியைத் திறந்தார். உள்ளே ஸ்ப்ரிங் அடியில் பச்சையாகப் பூத்திருந்ததைத் துணியால் துடைத்த தடம். அதாவது எப்போதோ பேட்டரி ஒழுகியிருக்கிறது. பக்கவாட்டில் அலைவரிசை 640–690 மெகாஹெர்ட்ஸ் என்று புது வெள்ளை ஸ்டிக்கர். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினார். அடியில் பழைய லேபிள், 740–790 என்று. அதற்கும் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் பெரிதாக "3". வாடகைக்கு விடுகிறவர்கள்தான் மைக்குக்கு இப்படி நம்பர் போடுவார்கள். புதுப் பெட்டியாம், புதுப் பெட்டி!

அந்த 740–790-தான் மொத்தக் கோளாறும். நண்பர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். 700 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு காலத்தில் டிவிக்கும் மைக்குக்கும் இருந்த இடம். இப்போது அது மொபைல் கம்பெனிகளுடையது. அமெரிக்காவில் 2010 ஜூன் 12-க்குப் பிறகு அந்த இடத்தில் கார்ட்லெஸ் மைக் ஓட்டவே கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். இந்தியாவில் 2022 ஏலத்தில் 700 அலைவரிசையை ஜியோ எடுத்தது, 5ஜி அதில் ஓடுகிறது. 703 முதல் 748 வரை போனிலிருந்து டவருக்கு, 758 முதல் 803 வரை டவரிலிருந்து போனுக்கு என்று பிரித்திருக்கிறார்கள். என் மைக்கின் 740–790 இந்த இரண்டின் மேலேயும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எங்கள் கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது மாடி மேல் டவர். கீழே ஆயிரம் பேர் கையில் போன். சட்டைக்குள் இருக்கிற சின்னப் பெட்டி விடுகிற சில மில்லிவாட் சிக்னல் அந்த டவரோடு மல்லுக்கட்ட முடியுமா? போதாததற்கு மனித உடம்பே சிக்னலைப் பாதி குடித்துவிடும், அதனால்தான் அந்த அம்மா திரும்பி நின்றதும் குரல் அறுந்தது.

கடையில் ஏன் மணி மாதிரி கேட்டது என்று இப்போது புரிகிறதா? போன் சிக்னலே எட்டாத கீழ்த்தளம். டவர் தொல்லை அங்கே ஏது? தெரிந்துதான் செய்கிறார்கள்.

இன்னொன்றும் கண்டுபிடித்தார். ரிசீவரில் அலைவரிசை எண் காட்டாது, சேனல் 1, 2, 3 என்றுதான் வரும். எந்த அலைவரிசையில் சிக்னல் இருக்கிறது என்று காட்டுகிற தன் கையடக்க ஸ்கேனரை அவர் வைத்துப் பார்த்தபோது கடைப் பையன் வைத்துக் கொடுத்தது 770, 771, 772, 773. சமமான இடைவெளியில் வைக்கவே கூடாதாம். 771-ஐ இரட்டிப்பாக்கி 770-ஐக் கழித்தால் 772 வருகிறது இல்லையா, இரண்டு மைக் சேர்ந்து ஓடினாலே அந்த இடத்தில் ஒரு கள்ள சிக்னல் முளைத்து மூன்றாவது மைக்கின் தலையில் உட்காரும். அதுதான் அந்தச் சீழ்க்கை. அதனால்தான் கடையில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டியது.

எல்லா டிரான்ஸ்மிட்டரையும் அணைத்துவிட்டு, ரிசீவரை மட்டும் போட்டு, சிக்னல் விளக்கு எந்தச் சேனலில் எரியாமல் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடினார். மைக் அணைந்திருக்கும்போது விளக்கு எரிந்தால் அங்கே வேறு யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். விளக்கு எரியாத சேனல் என்று நாலு மைக்குக்கும் இடம் கிடைக்கவில்லை. "ரிப்பேர் இல்லப்பா இது, இதை வெச்சு இந்த ஊர்ல ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்.

இனி கடைக்காரரின் திருவிளையாடல். முதலில் போனில், "பேட்டரி நல்லது போடுங்கண்ணா." போட்டது நல்லதுதான் என்றேன். "ஆன்டெனாவை வி மாதிரி வைங்க." வைத்திருக்கிறேன். "ஸ்கெல்ச் ஏத்துங்க." ஸ்கெல்சை ஏற்றினால் கரகரப்பு நிற்கும், கூடவே பேச்சும் நிற்கும், ஏனென்றால் பலவீனமான சிக்னலை அது கதவைச் சாத்தி வெளியே நிறுத்துகிற வேலையைத்தான் செய்கிறது. அதைச் சொன்னதும் "மாஸ்டர் ஊருக்குப் போயிருக்காரு." பிறகு "மும்பைக்கு அனுப்பணும்." பிறகு போனே எடுக்கவில்லை.

நேரில் போனேன். பெட்டியைக் கல்லா மேல் வைத்து ஸ்டிக்கரைக் கிளப்பிக் காட்டினேன். அந்த மனிதருக்குத் திடீரென்று தமிழ் மறந்துவிட்டது! "நாளே பன்னி சார்" (நாளைக்கு வாங்க சார்) என்று கன்னடம். அண்ணா போய் சார் வந்துவிட்டது. வாரண்டி என்றேன், அதற்கு பில் எங்கே என்கிறார். எஸ்டிமேட் தாளைக் காட்டினால், இதில் கடை பெயர் எங்கே என்கிறார். பணம் அனுப்பிய ரசீதைக் காட்டினால், அவர் இங்கே வேலை செய்யவில்லை என்கிறார். மச்சான் என்று சொன்ன அதே வாய். கொஞ்சம் சத்தம் போட்டதும், போனால் போகிறது என்று, பழைய சரக்காக 12,000-க்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். நான் 38,500 கொடுத்து வாங்கியது பழைய சரக்கு என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது, பாருங்கள். அதையே அடுத்த ஏமாளிக்கு மறுபடி 38,500-க்கு விற்பார். தரமாட்டேன் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் போடப் போகிறேன், 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போடலாம். ஸ்டிக்கர் படம், பணம் போன ரசீது, போன் பேச்சுப் பதிவு எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது கை ஓடவில்லை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அலைவரிசை எத்தனை என்று கேட்டு, பேட்டரி மூடிக்குள்ளும் ரிசீவர் முதுகிலும் நீங்களே படியுங்கள், 700-ஐத் தாண்டினால் எழுந்து வந்துவிடுங்கள், ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் உட்காரவே உட்காராதீர்கள். எல்லா மைக்கையும் ஒரே நேரத்தில் போட்டு, கடைக்கு வெளியே ரோட்டில் நடந்து பேசிப் பாருங்கள், விடமாட்டேன் என்றால் வாங்காதீர்கள். ஜிஎஸ்டி பில், கடை பெயரில் உள்ள கணக்கு, இரண்டும் இல்லாமல் ஒரு பைசா தராதீர்கள். சேனலைச் சம இடைவெளியில் வைக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டம், 38,500-க்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கீழ்த்தளக் கடையில் இதே மாதிரி வாங்கி மாட்டியவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள், ஆணையத்துக்குச் சேர்ந்தே போவோம்.