ஐவர் ஜான்சன் ரிவால்வர்: 1909க்கு முன்னா, பின்னா?

பினாங்கில் லோரோங் கூலிட் சந்தைப் பக்கம் பழம்பொருள் தேடும் நண்பர்கள், அமெரிக்க ஏலப் படங்களை அனுப்பி, "அண்ணே, இது என்ன விலை போகும்?" என்று கேட்பார்கள். அடிக்கடி வருவது அமெரிக்க நிறுவனமான ஐவர் ஜான்சனின் 'சேஃப்டி ஆட்டோமேட்டிக்' என்ற ரிவால்வர். 1901இல் அமெரிக்க அதிபர் மெக்கின்லியைச் சுட்டது இந்த நிறுவனத்தின் .32 ரிவால்வர்தான்.

1894 முதல் 1908 வரை வந்தவை கரிமருந்துத் (பழைய கருப்பு வெடிமருந்து) தோட்டாவுக்கானவை. உள்ளே தட்டையான பட்டை ஸ்பிரிங். பிடியில் இருக்கும் ஆந்தை உருவம் முன்பக்கம், குழாய் திசையில் பார்க்கும். 1909 முதல் வந்தவை புகையில்லா மருந்தைத் தாங்கும். சுருள் ஸ்பிரிங், ஆந்தை பின்பக்கம் பார்க்கும். ஆனால் பிடியை யாரும் மாற்றியிருக்கலாம். ஆந்தையை மட்டும் நம்பாதீர்கள், ஸ்பிரிங் தெரியும்படி பிடியைக் கழற்றிய படம் கேளுங்கள்.

சுடுவதற்கு என்றால் பிந்தியதுதான். பழையதில் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போடவே கூடாது. சேகரிப்புக்கு எனக்குப் பிடித்தது முந்தியது. 1898 வரை செய்தவற்றை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தொன்மைப்பொருளாகக் கருதுவதால் அங்கே கைமாறுவதும் எளிது.

விலை? இரண்டும் மலிவுதான், நிலைமைதான் தீர்மானிக்கும். நிக்கல் பூச்சுள்ளவற்றில் விசையைச் சுற்றிய வளையம் கருநீலமாக இருக்க வேண்டும். அதுவும் நிக்கலாகப் பளபளத்தால் பிறகு பூசியது, மதிப்பு இறங்கும்.

சரி, மலேசியாவில்? உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது 1960 ஆயுதச் சட்டப்படி குற்றம். தாத்தா பெட்டியில் ஒன்று கிடைத்தால் தொடாமல் போலீசைக் கூப்பிடுங்கள்.