பாத்திக்கு எத்தனை வைக்கோல் கட்டு? சில போகங்களின் அனுபவம்

காலபோக அறுவடை முடிந்து கிளிநொச்சிப் பக்கம் வைக்கோல் விலை இறங்கியதும், மாங்குளத்தில் இருக்கும் மச்சானிடமிருந்து "மச்சான், கத்தரிப் பாத்திக்குப் போட எத்தனை கட்டு எடுக்க?" என்று கேள்வி வந்தது. இயந்திரம் கட்டித்தரும் நீள்சதுர வைக்கோல் கட்டுகளைத்தான் நான் சில போகங்களாகப் பத்திரக்கலவையாக, அதாவது பாத்தி மண்ணை மூடும் போர்வையாக, இட்டு வருகிறேன். அதன் பயனைப் பற்றி எனக்குக் குறையொன்றும் இல்லை. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் வெறும் பாத்தி மத்தியானத்துக்குள் வெடித்துக் கிடக்கையில், வைக்கோலை விலக்கி விரலை விட்டால் செம்மண் ஈரமாக ஒட்டிக்கொண்டு வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் இறைத்தாலே போதுமாயிருக்கிறது. காற்றுக்குப் பறக்காமல் மேலே பனைமட்டை இரண்டை வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

என் எரிச்சலெல்லாம் கணக்கிடுவதில்தான். நீளத்தை அகலத்தால் பெருக்கி, வரும் பரப்பை ஆழத்தால் பெருக்குவது எல்லோருக்கும் தெரிந்த வழி. மூன்று அங்குல ஆழத்துக்கு மூடுவதென்றால், அது கால் அடி என்பதால், சதுர அடியை நாலால் பிரித்தால் கன அடி வந்துவிடும். உமிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். நூறு கன அடி கொண்ட ஒரு கியூப் உமி 400 சதுர அடிக்குப் போதும். தேங்காய் மட்டைத் தூளான தும்புச்சோற்றையும் இப்படியே கணக்கிடலாம். கடைக்காரர் லீற்றரில் சொன்னால், ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 28 லீற்றர் என்று மாற்றிக்கொண்டால் சரி.

வைக்கோல் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. ஆறு அங்குலத்துக்கு உதறிப் போட்டது ஒரு மழையோடு மூன்று அங்குலத்துக்கு அமுங்கிவிடும் என்பதால், போடும்போதே இரண்டு மடங்கு உயரத்துக்குப் போட வேண்டும். அதற்கும் மேலாக, உயர்த்திய பாத்தியின் பக்கச் சரிவுகளை, இந்த அளவுகளைக் கேட்டுக் கணக்குச் சொல்லும் எந்த இணையக் கணிப்பானும் கேட்பதில்லை. பத்தடி நீளமும் நாலடி அகலமும் கொண்ட பாத்தியின் மேற்பரப்பு 40 சதுர அடி. அது அரை அடி உயர்ந்திருந்தால், சுற்றுப் பக்கங்கள் மட்டும் இன்னொரு 14 சதுர அடி. கோடையில் முதலில் காய்வதும் அந்தப் பக்கங்கள்தான் என்பதால், 54 சதுர அடிக்கே வைக்கோல் வேண்டும். செடியின் கழுத்தைச் சுற்றி நாலு விரல் இடைவெளி விடுவதால் மிஞ்சுவது சொற்பம். அதைக் கழிக்கத் தேவையில்லை.

இவ்வளவையும் சரியாகக் கணக்கிட்ட பிறகும் கட்டு நம்மைக் கவிழ்த்துவிடும். வெளியளவில் ஒன்றுபோலிருக்கும் இரண்டு கட்டுகளில் இறுக்கமானது என் பாத்தியில் ஏறத்தாழ 30 சதுர அடியை மூடியது; நொய்ந்தது 20 சதுர அடியைத் தாண்டவில்லை. விலையோ இரண்டுக்கும் ஒன்று! ஆகவே அந்தப் பாத்திக்கு இறுக்கமான கட்டென்றால் இரண்டு, நொய்ந்ததென்றால் மூன்று வேண்டும். வைக்கோலைப் பொறுத்தவரை கன அளவை நம்பாமல், காய்ந்த கட்டாகத் தூக்குத் தராசில் நிறுத்து வாங்குவதே நியாயம் என்ற முடிவுக்கு வந்தேன். அந்த நியாயத்தையும் ஒரு வியாபாரி கெடுத்தார். பனியில் கிடந்த கட்டுகளை அவர் கிலோக் கணக்கில் நிறுத்துத் தந்தார்; கயிற்றை அறுத்ததும் நடுவில் சூடும் புழுங்கல் நாற்றமும் சாம்பல்நிறப் பூஞ்சணத் தூளும்தான் இருந்தன. தண்ணீருக்கும் வைக்கோல் விலைதான் கொடுத்திருக்கிறேன். அதன் பின்பு, கட்டின் நடுவே கையை விட்டுப் பார்க்காமல் காசை எடுப்பதில்லை. உதிராத நெல் முளைத்துப் பாத்தியை வயலாக்குவது தனிக்கதை, அதைப் பிடுங்கிவிடலாம்.

மச்சானுக்கு நான் எழுதியது இதுதான்: மொத்தமாகச் சொல்லிவைக்க வேண்டாம், ஒரு கட்டை வாங்கி உதறி, வேண்டிய உயரத்துக்கு விரித்து, அது மூடிய பரப்பை அளந்து, மொத்தப் பரப்பை அதனால் பிரித்துக்கொள்ளுங்கள். அதே வயலில் அதே இயந்திரம் கட்டியவற்றையே மீதிக்கும் எடுங்கள். அதற்கு வழியில்லையென்றால் கட்டே வேண்டாம். உதிரி வைக்கோலை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள், ஏமாற்றமாவது இராது.

உதிரி வைக்கோலை ஏற்றி இறக்கும் உடம்பு எனக்கில்லை. நான் இம்முறையும் கட்டுகளுக்கே முற்பணம் கொடுத்திருக்கிறேன்.