மரவாடி மழைநீர்: வண்டல் குளமா, மணல் படுகையா, படிகாரமா?

மரக்கட்டைகள் அடுக்கிய முற்றத்தில் ஓடிவரும் மழைநீரில் இரு வகை அழுக்கு உண்டு. பட்டைத் துண்டு, மரத்தூள், மண், லாரி எண்ணெய் ஆகியவை மிதக்கும் அல்லது படியும். மரத்திலிருந்து ஊறிவரும் டேனின், லிக்னின், பிசின் அமிலங்கள் தண்ணீரிலேயே கரைந்திருக்கும். பழுப்பு நிறத்துக்குப் பெரும்பாலும் இவைதான் காரணம்.

எந்த வழிக்கும் பணம் போடுமுன் ஒரே நீர் மாதிரியை வடிகட்டாமல் ஒருமுறை, வடிகட்டி ஒருமுறை சிஓடி (அழுக்கை வேதிமுறையில் எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றானால் அழுக்கு பெரும்பாலும் கரைந்த வகை. குளத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் பயனில்லை.

வண்டல் குளம் மலிவானது, ஆனால் படிவதை மட்டுமே பிடிக்கும். ஒரு ஹெக்டேர் கான்கிரீட் தளத்தில் 10 மி.மீ. மழை என்றால் 100 கனமீட்டர். பெரும்பகுதி அப்படியே வடிகாலுக்கு வந்துவிடும். குளத்துக்கு ஆழத்தைவிடப் பரப்பு முக்கியம். நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேற வேண்டும். பட்டை ஊறிய பிறகே மூழ்கும் என்பதால், வெளிவாய்க்கு முன்னால் நீர்மட்டத்துக்குக் கீழ்வரை இறங்கும் தடுப்புப் பலகை கட்டாயம். பலரும் கோட்டைவிடுவது தூர்வாருவதில். அடியில் தங்கிய பட்டை ஆக்சிஜன் இல்லாமல் அழுகினால் நாற்றம் கிளம்பும், கரைந்த அழுக்கும் கூடும். குளத்துக்கு முன் கான்கிரீட் தளமும் லோடர் இறங்கும் சரிவும் உள்ள சிறு குழி ஒன்று வைத்தால் வாருவது எளிது.

செடி வளர்த்த மணல் படுகையில் நுண்ணுயிர்கள் கரைந்த அழுக்கில் எளிதில் சிதைவதைத் தின்றுவிடும். நிறம் ஓரளவே குறையும். குளம் இல்லாமல் நேரடியாக விட்டால் மரத்தூள் சீக்கிரமே மேற்பரப்பை அடைத்துவிடும். மழை நின்று இரண்டு நாளாகியும் தண்ணீர் தேங்கினால் மேல் மணலைச் சுரண்டி மாற்ற வேண்டும். மணலோடு எருவை அதிகம் கலக்காதீர்கள், பாஸ்பரஸ் கசியும்.

நிறத்தை எடுப்பதில் படிகாரம்தான் கெட்டி. இடமும் குறைவாகவே கேட்கும். ஆனால் ஒரு மில்லிகிராம் படிகாரம் தண்ணீரில் அமிலத்தைச் சமன்செய்யும் காரத்தன்மையில் (கால்சியம் கார்பனேட் கணக்கில்) சுமார் அரை மில்லிகிராமைத் தின்னும். இந்தத் தண்ணீர் ஏற்கெனவே அமிலப் பக்கம் சாய்ந்திருந்தால் சுண்ணாம்பு சேர்க்க வேண்டிவரும். பிஎச் மிகவும் இறங்கினால் அலுமினியம் கரைந்தே வெளியேறி மீன்களைக் கொல்லும். மழையின் முதல் ஓட்டம் கெட்டியாகவும் பிறகு வருவது நீர்த்தும் இருப்பதால் ஒரே அளவு மருந்து எப்போதும் பொருந்தாது. முதலில் ஒரு தொட்டியில் சேர்த்துக் கலந்து, ஜார் டெஸ்ட் (சில ஜாடிகளில் வெவ்வேறு அளவு மருந்து போட்டுப் பார்ப்பது) செய்து அளவை முடிவு செய்யுங்கள். படிகாரம் போட்டதும் படியும் நீர் மிகுந்த கசடை எங்கே உலர்த்துவது என்பதையும் அப்போதே தீர்மானியுங்கள்.

எங்கள் தேர்வு: இடம் இருந்தால் குளமும் அதன் பின்னால் படுகையும், இடம் இல்லாமல் நிறத்துக்கும் கெடுபிடி இருந்தால் படிகாரம். எதுவானாலும் மழைக்கு முன் பட்டையைக் கூட்டி அள்ளுவதும், கூரைத் தண்ணீரைத் தனிக் குழாயில் பிரிப்பதும் முதல் வேலை. குழாய் அடித்துக் கழுவினால் அழுக்கைக் கரைத்து வடிகாலில் விடுகிறீர்கள்.

தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய மரத்துக்கு இந்த மூன்றையும் நம்பவே கூடாது. அதைக் கூரைக்குக் கீழே, வரம்பு கட்டிய தளத்தில், மழை படாமல் வையுங்கள். சொட்டும் மருந்தை மழைநீர் வடிகாலோடு சேர விடாதீர்கள்.