கோழிக்குச் செய்த இன்குபேட்டரில் மலைப்பாம்பு முட்டைகள்: இரண்டு ஆண்டு அனுபவம்

நாட்டுக்கோழி முட்டை பொரிப்பதற்காகச் சேலத்தில் ஒரு சிறு பட்டறையில் செய்து விற்கும் தெர்மாகோல் இன்குபேட்டரை 4,200 ரூபாய்க்கு வாங்கி, வீட்டில் வளர்க்கும் பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பின் முட்டைகளுக்கு இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பாம்பு முட்டைக்கென்றே செய்த பெட்டி உள்ளூரில் தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை.

கோழி முட்டைக்கு ஏறக்குறைய 37.5 டிகிரி வெப்பமும் 21 நாட்களும் வேண்டும். முட்டையை அன்றாடம் பலமுறை திருப்பிவிடவும் வேண்டும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்தப் பாம்பின் முட்டைக்கோ 31 முதல் 32 டிகிரியே போதும்; பொரிய 55 முதல் 60 நாட்கள் ஆகும். கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொண்டு வளர்வதால், நாட்கள் சென்றபின் முட்டை புரண்டால் குட்டி உள்ளேயே மடிந்துவிடக்கூடும். ஆகவே, பெட்டி வந்த அன்றே நான்கு திருகுகளைக் கழற்றி, முட்டை திருப்பும் மோட்டாரை எடுத்துவிட்டேன். உள்ளிருக்கும் மின்விசிறிக் காற்று நேராகப் பட்டால் தோல் போன்ற ஓடு உலர்ந்து குழி விழும் என்பதால், எடைக்கு எடை தண்ணீர் கலந்த வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) நிரப்பிய மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் முட்டைகளை வைத்து, அந்த டப்பாவைப் பெட்டிக்குள் வைத்தேன்.

பெட்டியின் கட்டுமானத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். இரண்டு அங்குலத் தடிமனுள்ள சுவர்கள் வெப்பத்தை நன்றாகப் பிடித்து வைப்பதால், இரண்டு மணி நேரம் மின்சாரம் போனபோதும் உள்ளே ஒரு டிகிரிதான் குறைந்தது. ஆனால் சென்சார் விசிறியை ஒட்டித் தொங்குகிறது. அது காட்டும் அளவுக்கும் முட்டைகள் இருக்கும் மட்டத்தின் வெப்பத்துக்கும் ஒன்றரை டிகிரி வேறுபாடு இருந்தது. டப்பாவுக்குள் தனியாக ஒரு வெப்பமானி வைக்காமல் இதை நம்பக் கூடாது.

பெரிய குறையைச் சேலத்துக் கோடைதான் காட்டிக்கொடுத்தது. முதல் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், மதியம் இரண்டு மணிக்கு வீடு திரும்பிப் பார்த்தபோது, சூடேற்றும் பல்பு அணைந்தே இருக்க, டப்பாவுக்குள் வெப்பமானி 35.4 காட்டிக்கொண்டிருந்தது. அறையே அந்தச் சூட்டில் இருந்தது. இந்தப் பெட்டியால் சூடேற்ற மட்டுமே முடியும். குளிர்விக்க அதில் வழியே இல்லை. அந்த ஆண்டு ஆறு முட்டைகளில் இரண்டு மஞ்சளித்துப் பூசணம் பூத்தன. டார்ச் வெளிச்சத்தில் செந்நிற நரம்புகள் தெரிய நன்றாக வளர்ந்துகொண்டிருந்த முட்டைகள் அவை. இழந்தது இன்றும் வருத்தமாகவே இருக்கிறது. பட்டறைக்காரரிடம் சொன்னபோது, "கோழிக்குச் செஞ்ச பெட்டிங்க, ரூம் எவ்வளவு சூடா இருந்தாலும் அதுக்கு இன்னும் கொஞ்சம் சூடு வேணும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

இந்த ஆண்டு பெட்டியை ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டில் வைத்தேன். முட்டையிட்ட அன்றே, ஒன்றோடொன்று ஒட்டியிருந்த ஐந்து முட்டைகளையும் பிரிக்காமல், ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் குறியிட்டு, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் காரில் மெதுவாகக் கடந்தோம். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த வீட்டில் மே மாதப் பகலிலும் அறை வெப்பம் 27 டிகிரியைத் தாண்டவில்லை, பெட்டியும் 31.5 டிகிரியிலிருந்து பெரிதாக விலகவில்லை. 57ஆம் நாள் காலை முதல் முட்டையில் பிளேடால் கீறியது போல ஒரு கோடு தெரிந்தது. மாலைக்குள் அதன் வழியே ஈரமான மூக்கு நுனி எட்டிப் பார்த்தது. மீதமிருந்த மஞ்சள் கருவை உறிஞ்சிக்கொண்டு ஒரு நாள் முழுவதும் ஓட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுத்தான் அந்தக் குட்டி வெளியே வந்தது. ஐந்தும் பொரிந்தன. தாயை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருப்பது போலவே, குட்டிகள் பிறந்ததையும் தெரிவித்துவிட்டேன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இது கட்டாயம்.

ஏற்காட்டில் இருப்பவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். சேலத்தில் இருப்பவர்கள் ஏ.சி. அறையில் வைக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். முன்கூட்டியே கேட்டால் மோட்டார் இல்லாமல் செய்து 600 ரூபாய் குறைத்துத் தருவதாகப் பட்டறைக்காரர் இப்போது சொல்கிறார்.