கிரேயோலாவின் 'கலர்ஸ் ஆஃப் த வேர்ல்ட்' பெட்டி: எதற்கு உதவும், எங்கே கைவிடும்

நாலைந்து வயதுப் பிள்ளையிடம் வண்ணப் பெட்டியைக் கொடுத்து அம்மாவை வரையச் சொல்லுங்கள். அம்மா மாநிறமாக இருந்தாலும் கருப்பாக இருந்தாலும், முகத்துக்கு எடுக்கும் குச்சி பெரும்பாலும் ஒன்றுதான்: வெளிறிய இளஞ்சிவப்பில் இருக்கும் 'ஸ்கின் கலர்'. எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாவின் முகத்தைப் பிள்ளை பார்க்காமல் இல்லை. ஆனால் தோலுக்கு உரியது இந்தக் குச்சிதான் என்று அதற்கு யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நிறத்தை வைத்து ஆளை மதிப்பிடும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் பேசித் தீர்க்க நினைக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இதைவிட எளிய தொடக்கம் கிடைக்காது. அந்த வேலைக்கென்றே வந்த கிரேயான் பெட்டிதான் கிரேயோலாவின் 'கலர்ஸ் ஆஃப் த வேர்ல்ட்'.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பின்னி அண்ட் ஸ்மித் என்ற பெயரில் இருந்த இந்த நிறுவனம் 1903இல் கிரேயான் விற்கத் தொடங்கியது. வெளிறிய தோலின் நிறத்தில் இருந்த ஒரு குச்சிக்கு அவர்கள் 'ஃப்ளெஷ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கருப்பின மக்களின் உரிமைப் போராட்டம் வலுத்த 1962இல் அது 'பீச்' ஆனது. 1992இல் ஆறு தோல் நிறங்களோடு, கலப்பதற்குக் கருப்பும் வெள்ளையும் சேர்த்து எட்டுக் குச்சிப் பெட்டி ஒன்று வந்தது. 2020 மே மாதம் அறிவித்த பெட்டியில் தோலுக்கு மட்டும் 24 நிறங்கள். முகப்பூச்சுத் துறையில் பல ஆண்டுகள் ஃபவுண்டேஷன் நிறங்களை உருவாக்கிய விக்டர் கசாலே என்பவரோடு சேர்ந்து இந்த நிறங்களை அமைத்தார்கள். பயன்படுத்தும்போது அந்த அனுபவம் தெரிகிறது.

இரண்டு அளவில் கிடைக்கிறது. 24 குச்சிப் பெட்டியில் தோல் நிறங்கள் மட்டும் இருக்கும். 32 குச்சிப் பெட்டியில் கூடுதலாகத் தலைமுடிக்கு நான்கு, கண்ணுக்கு நான்கு. நமக்கு 24 போதும். முடிக்கும் கண்ணுக்கும் சாதாரணப் பெட்டியில் உள்ள கருப்பும் அடர்பழுப்பும் சரியாக இருக்கும். தோல் நிறங்கள் ஆல்மண்ட், கோல்டன், ரோஸ் என்று மூன்று குடும்பங்களாகப் பிரிந்திருக்கின்றன. ரோஸில் சிவப்புச் சாயல், கோல்டனில் மஞ்சள் சாயல், ஆல்மண்ட் இரண்டுக்கும் நடுவில். இந்தச் சாயல் பிரிப்புதான் பெட்டியின் உண்மையான பலம். ஒரே அளவு கருப்பாக இருக்கும் இரண்டு பிள்ளைகளை அருகருகே நிறுத்தினால் ஒருவர் தோலில் மஞ்சள் தெரியும், மற்றவர் தோலில் செம்மை தெரியும். 'கருப்பு', 'சிவப்பு' என்ற இரண்டே சொல்லில் ஊரையே அடக்கிவிடும் நம் பேச்சுக்கு, இந்த வேறுபாட்டைக் கண் பார்த்துவிடுவதே பெரிய மாற்றம்.

நிறத்தைப் பொருத்திப் பார்ப்பதற்குக் கொஞ்சம் முறை வேண்டும். முதலில் கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். எண்ணெயும் பவுடரும் நிறத்தை மாற்றிக் காட்டும். நேர்வெயில் படாத ஜன்னலோரம் உட்கார வையுங்கள். ட்யூப்லைட்டின் கீழே மஞ்சள் சாயல் மங்கிவிடுவதால் கோல்டன் எடுக்க வேண்டிய பிள்ளை ஆல்மண்டை எடுத்துவிடும். வெள்ளைக் காகிதத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, அதில் மூன்று நான்கு குச்சிகளால் சின்னச் சின்னக் கட்டம் தீட்டி, பட்டையைக் கையின் மேலேயே வைத்துப் பார்க்க வேண்டும். குச்சியையே தோலோடு ஒட்டிப் பார்த்தால் ஏமாறுவோம்: மெழுகுக் கட்டியாக இருக்கும்போது தெரியும் நிறம், காகிதத்தில் தேய்த்த பிறகு வெளிறிவிடும்.

பட்டையைப் புறங்கை, முழங்கைக்குக் கீழே உட்புறம், உள்ளங்கை என்று மூன்று இடங்களில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றுக்கும் மூன்று குச்சி வரும். தன் ஒரே உடம்பில் இத்தனை நிறம் இருப்பதைப் பார்த்ததும், 'நீ கருப்பு, நான் சிவப்பு' என்ற பேச்சு பல பிள்ளைகளிடம் தானாகவே தளர்ந்துவிடும். இந்தப் பயிற்சியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறதென்றால், இந்தப் படியைச் செய்யுங்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரு குச்சி மட்டும் பொருந்தாது. நடுத்தரத்திலிருந்து அடர் வரை உள்ள கோல்டனில் ஒன்றை மெல்லத் தீட்டி, அதன்மேல் அதைவிடச் சற்று அடர்ந்த ஆல்மண்டை ஓட்டினால் நெருங்கி வரும். மாற்றிச் செய்தால், அதாவது அடர்ந்ததை முதலில் தீட்டினால், மேலே வரும் வெளிர்நிறம் வழுக்கிக்கொண்டு ஒட்டாமல் போகும். மூன்று பூச்சுக்கு மேல் மெழுகு ஏறினாலும் இதே கதைதான்.

இனி இந்தப் பெட்டியில் பலரும் கவனிக்காத சிக்கல். அடர்ந்த குச்சிகளை லேசான கையால் வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால், காகிதத்தின் சொரசொரப்புக்கு இடையே வெள்ளைப் புள்ளிகள் தெரியும். முகம் சாம்பல் பூத்தது போலத் திட்டுத் திட்டாக வரும். வெளிர்க் குச்சிகளில் இந்தக் குறை கண்ணுக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் காகிதமும் வெளிர்தான். விளைவு என்ன? வகுப்பிலேயே கருப்பான பிள்ளையின் படம்தான் மோசமாக வரும். 'கருப்பு வரைஞ்சா நல்லாவே வராது' என்று அது குச்சியைக் கீழே வைக்கும். அடுத்த முறை வெளிர்நிறத்தை எடுக்கும். நாம் எதை மாற்ற வந்தோமோ, அதையே கையில் கொடுத்து அனுப்பியதாக ஆகிவிடும்.

தீர்வு எளிது, ஆனால் முன்கூட்டியே செய்ய வேண்டும். பளபளப்பான நோட்டுத் தாளைத் தவிர்த்து, வழுவழுப்பான சார்ட் தாள் அல்லது மெல்லிய சொரசொரப்புள்ள டிராயிங் தாள் கொடுங்கள். அடர்ந்த முகத்துக்கு முதலில் கோல்டனில் வட்ட வட்டமாக அடிப்பூச்சு. அதன்மேல் அடர்நிறத்தை அழுத்தி. பிறகு விரலில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றித் தேய்த்தால் மெழுகு பரவி வெள்ளைப் புள்ளி மூடிக்கொள்ளும். கண்ணின் வெண்பகுதியை முன்பே தீட்டாமல் விட்டுவிட வேண்டும். மூக்கு, உதட்டுக் கோடுகளுக்குக் கருப்பு வேண்டாம், அடர்ந்த தோலில் அது மறைந்துபோகும். முகத்தின் நிறத்தைவிட இரண்டு படி அடர்ந்த பழுப்பு போதும். உதட்டுக்குச் சிவப்பைக் கொடுத்துக் கேலிப்படம் ஆக்காதீர்கள். ரோஸ் குடும்பத்தின் அடர்ந்த குச்சி இதற்கென்றே செய்தது போல இருக்கும்.

வரையும்போது கேள்வி வரும். 'நான் ஏன் கருப்பு?' என்பது நிச்சயம் வரும். சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள். 'எல்லார் தோலிலும் மெலனின்னு ஒண்ணு இருக்கு. சிலருக்கு நிறைய, சிலருக்குக் கொஞ்சம். வெயிலிலிருந்து தோலைக் காப்பாத்துறது அதோட வேலை. உனக்கு அது அம்மா அப்பாகிட்டேருந்து வந்தது.' ஆறு வயதுக்கு இது போதும். பத்து வயதுப் பிள்ளைக்கு, மெலனினைச் செய்யும் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதர்களிடமும் ஏறத்தாழ ஒன்றுதான், அவை செய்யும் மெலனினின் அளவும் வகையும்தான் மாறுகின்றன என்பதையும் சேர்க்கலாம். 'கருப்பா இருந்தாலும் களையா இருக்கே' என்று மட்டும் ஆறுதல் சொல்ல வேண்டாம். கருப்பு ஒரு குறை என்பதை அந்த 'இருந்தாலும்' ஒப்புக்கொண்டுவிடுகிறது.

பிள்ளைகளுக்கு நிறமே தெரியாது, நாம் பேசினால்தான் புத்தியில் ஏறும் என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளும் பெரியவர்கள் அதிகம். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கருப்பின உளவியலாளர் தம்பதி 1940களில் அமெரிக்காவில் 3 முதல் 7 வயது வரையுள்ள கருப்பினப் பிள்ளைகளிடம், நிறம் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான பொம்மைகளைக் காட்டினார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டின் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வு இடம்பெற்றது. நம் வீடுகளில் கர்ப்பிணிக்குக் குங்குமப்பூப் பால் கொடுக்கும்போதே பேச்சு தொடங்கிவிடுகிறது. பிள்ளை அதைக் கேட்டுத்தான் வளர்கிறது.

பெட்டியின் மீது எனக்குள்ள பெரிய குறை, பெயர் வைத்த முறை. வெளிர் முதல் அடர் வரை 'லைட்', 'மீடியம்', 'டீப்' என்று ஏணிப்படி போல அடுக்கியிருக்கிறார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளை குச்சிகளை உடனே வரிசைப்படுத்தும். வரிசை வந்ததும் மேல், கீழ் என்ற எண்ணம் வரும். பெட்டியைத் திறந்ததும் குச்சிகளை ஒரு தட்டில் கொட்டிக் கலந்துவிடுங்கள். படங்களைச் சுவரில் ஒட்டும்போதும் நிற வரிசையில் ஒட்டாதீர்கள். பிள்ளைகளையே நிற வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுக்கும் யோசனை அழகாகத் தோன்றும். கட்டாயம் வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ரெபெக்கா பிக்லரும் அவர் குழுவும் செய்த ஆய்வில், பிள்ளைகளுக்கு நீலச் சட்டை, மஞ்சள் சட்டை கொடுத்தார்கள். ஆசிரியர்கள் அந்த நிறத்தைச் சொல்லி உட்கார வைத்த, வரிசையில் நிறுத்திய வகுப்புகளில் பிள்ளைகள் தம் நிறத்தாரே உயர்ந்தவர் என்று எண்ணத் தொடங்கினார்கள். சட்டை இருந்தும் ஆசிரியர் அதைக் கண்டுகொள்ளாத வகுப்புகளில் அப்படி நடக்கவில்லை. நிறத்தைப் பற்றிப் பேசலாம், பேச வேண்டும். நிறத்தால் பிரிப்பதுதான் கெடுக்கிறது.

தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்களுக்குக் கையில் கட்டும் கயிறு நினைவுக்கு வரும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன் படித்தவர்களே வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழு அமைந்தது. 2024 ஜூனில் அக்குழு அளித்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் நெற்றிக் குறிகளையும் பள்ளிகளில் தடுக்கப் பரிந்துரைத்தது. இந்த இடத்தில் கிரேயான் பெட்டி கைவிட்டுவிடும். சாதி தோலில் இல்லை; ஒரே தெருவில் ஒரே நிறத்தில் இருப்பவர்களுக்கு இடையில் இருக்கிறது. இந்தப் பயிற்சியை முடித்துவிட்டு வகுப்பில் பாகுபாடு பேசியாகிவிட்டது என்று ஆசிரியர் நினைத்தால், அது தவறு. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், பெருக்கும் வேலையும் கழிவறை வேலையும் யாருக்குப் போகிறது, 'உங்க ஊர்ல எந்தத் தெரு?' என்று யார் கேட்கிறார்கள் என்பதைத் தனியாகக் கவனித்துத் தனியாகவே பேச வேண்டும்.

வீட்டில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு இந்தப் பெட்டி நல்ல வாங்கல். நம்மூர்க் கிரேயானைவிட விலை கூடுதல், ஆனால் தரம் உண்டு. வகுப்புக்கு என்றால் பணத்தைப் போஸ்டர் கலரில் போடச் சொல்வேன். யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, வெள்ளை, அல்ட்ராமரீன் நீலம் என்று நான்கு புட்டிகள் போதும். யெல்லோ ஆக்கர் இரண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா ஒரு பங்கு கலந்தால் மாநிறத்தின் அடிப்படை வந்துவிடும். வெளிற வேண்டுமானால் வெள்ளை; அடர வேண்டுமானால் சியன்னாவைக் கூட்டி, தூரிகை நுனியளவு நீலம். கருப்பைச் சேர்க்காதீர்கள், மஞ்சளோடு சேர்ந்து பச்சை தட்டிவிடும். வகுப்பில் எல்லோர் முகமும் அதே நான்கு புட்டிகளிலிருந்து அளவு மட்டும் மாறி வருவதைப் பிள்ளைகள் தம் கையாலேயே செய்து பார்ப்பார்கள். ஆயத்த நிறக் குச்சி இதைத் தராது.

கிரேயானே வேண்டும் என்றால் ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி என்று கணக்கு வையுங்கள். நம் வகுப்புகளில் நடுத்தர, அடர் கோல்டன் குச்சிகள்தான் முதலில் கரையும். வெளிர் ரோஸ் குச்சிகள் முனை மழுங்காமல் கிடக்கும். அதனால் முதல் நாளே எல்லாப் பெட்டிகளையும் திறக்காமல் ஒன்றை அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் காரிலோ ஜன்னல் திட்டிலோ வைத்தால் குச்சி வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உடைந்த துண்டுகளை எறிய வேண்டாம், உறையை உரித்துப் படுக்க வைத்துத் தேய்த்தால் அடிப்பூச்சுக்கு அவைதான் சுலபம்.