புண்ணாக்கு அவிக்கிற டிரம்மும் அந்த அரை இஞ்ச் குழாயும்

போன வாரம் டிரம்மின் அடிப்பக்கம் மூன்றாவது தடவையாக ஒழுக ஆரம்பித்தது. காரிமங்கலம் கொண்டுபோய் வெல்டு வைத்து வீட்டுக்கு வந்து இறக்குகிறேன், அரூரில் இருக்கிற சித்தப்பா மகன் போன் செய்கிறான். "அக்கா, அந்தப் புண்ணாக்கு அவிக்கிற டிரம் நல்லா இருக்குதா? நானும் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன்." அந்த நேரத்தில் வாயில் வந்ததை எழுத முடியாது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று நான்கு நாள் தள்ளினேன். பாதிதான் ஆறியிருக்கிறது.

டிரம் எப்படி இருக்கும் என்று மாடு வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறுபது லிட்டர், ஸ்டீல், உள்ளே ஓட்டை போட்ட தட்டு, கீழே விறகு அடுப்பு, பக்கவாட்டில் தண்ணீர் வடிக்க ஒரு குழாய். 2022-ல் 14,500 ரூபாய் கொடுத்தேன். அந்த வருடம் கடலைப் புண்ணாக்கு கிலோ ஐம்பது ரூபாயைத் தாண்டிவிட்டது. விலை போகட்டும், மழைக்காலத்தில் வாங்கின மூட்டையைப் பிரித்தால் பூஞ்சை வாடை. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கில் வருகிற அஃப்ளாடாக்சின் என்கிற நஞ்சு பாலிலும் இறங்கும். ராஜஸ்தானிலிருந்து வருகிற கடுகுப் புண்ணாக்கு முப்பதுக்குள் கிடைத்தது. புரதம் நூற்றுக்கு 35 பக்கம் இருக்கும், கடலையைவிடக் குறைவுதான், ஆனால் காசுக்கு மோசமில்லை. ஐந்து கலப்பினப் பசு, ஒன்றுக்கு ஒரு கிலோ என்று கணக்குப் போட்டு மாறிவிட்டேன்.

முதல் இரண்டு மாதம் டிரம் இல்லை. கடலைப் புண்ணாக்கை ஊறவைப்பதுபோல ராத்திரி பச்சைத் தண்ணீரில் போட்டு வைத்தேன். விடியற்காலையில் மூடியைத் திறந்தால் கண் எரிகிறது, மூக்கில் சுர்ரென்று ஏறுகிறது. லட்சுமி தொட்டிக்குள் மூக்கை விட்டாள், ஒரு தும்மல் போட்டாள், தலையை உதறினாள். என் சேலை முழுக்கப் புண்ணாக்குத் தண்ணீர். அதன் பிறகு அவள் மூன்று நாள் தொட்டிப் பக்கமே வரவில்லை. மற்ற மாடுகள் அரைமனசாகத் தின்றன. நாலாம் நாள் டீக்கடை அண்ணன் கேட்டார்: "என்னாம்மா, பால்ல கடுகு வாடை அடிக்குது?" மீந்த தண்ணீரைத் தக்காளி நாற்றுப் பாத்தியில் ஊற்றினேன், நாற்று சுருண்டுபோனது. அதற்கு என் வீட்டுக்காரரிடம் இன்றைக்கும் பேச்சு வாங்குகிறேன்.

சூடு பட்டால் கடுகின் காரம் போகும் என்று முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, என் மாமியார். "தாளிச்ச கடுகு காரமா இருக்குதா? பச்சையா அரைச்சு பச்சடியில போட்டாத்தான ஏறுது" என்றார். பிறகு கால்நடை டாக்டர் அதையே படிப்பு வார்த்தையில் சொன்னார். கடுகில் குளுக்கோசினோலேட் என்று ஒன்று இருக்கிறது. அதுவாக இருக்கிறவரை காரமில்லை. கூடவே மைரோசினேஸ் என்கிற நொதி இருக்கிறது. நசுக்கித் தண்ணீர் பட்டதும் இரண்டும் சேர்ந்து காரம் பிறக்கிறது. சூடு பட்டால் நொதி செத்துவிடும். நொதி செத்தாலும் மூலப்பொருள் உள்ளேயே இருப்பதால், மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் மீதி வேலையைச் செய்துவிடும். அதிலிருந்து வருகிற சரக்கு அயோடினைத் தைராய்டுக்குள் போகவிடாது. சினைமாட்டுக்கு அளவு மீறிப் போட்டால் கன்றுக்குக் கழுத்து வீங்கலாம். அதனால் அவித்த தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும், தாது உப்பையும் நிறுத்தக் கூடாது என்றார். கனடாக்காரர்கள் ரேப்சீட் என்கிற கடுகு இனப் பயிரில் இந்தத் தொல்லையை விதையிலேயே தீர்த்துவிட்டார்களாம். 1974-ல் முதல் ரகம் வந்தது, அதைத்தான் கனோலா என்கிறார்கள், புண்ணாக்கில் குளுக்கோசினோலேட் கிராமுக்கு 30 மைக்ரோமோலுக்குள் இருக்க வேண்டும் என்று கணக்கு. நம் நாட்டுக் கடுகில் அதைப்போலப் பல மடங்கு. டெல்லியிலும் பூசா டபுள் ஜீரோ என்று காரம் குறைந்த கடுகு ரகம் விட்டிருக்கிறார்கள். என் மூட்டையில் வருவது எந்தக் கடுகு என்று மண்டிக்காரருக்கே தெரியாது. ஆக, எனக்கு டிரம்தான்.

டிரம் வந்த பிறகு நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் புண்ணாக்கைப் போட வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பு மூட்டினால், வெதுவெதுப்பாக இருக்கிற நேரத்திலேயே நொதி தன் வேலையை முடித்துவிடும், அப்புறம் கொதித்து என்ன பிரயோசனம். கொதிநீரில் போட்டுக் கால் மணி நேரம், பிறகு வடி. முதல் நாள் மூடியைத் திறந்தபோது எதுவுமே ஏறவில்லை. வேகவைத்த காராமணி வாடை மாதிரி மந்தமாக ஒரு வாடை, அவ்வளவுதான். தவிடும் மக்காச்சோள மாவும் கலந்து வைத்தேன், லட்சுமி தொட்டியின் அடிவரை நக்கினாள். டீக்கடை அண்ணன் அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. முன்ஜாக்கிரதைக்கு இதைப் பால் கறந்த பிறகுதான் வைக்கிறேன்.

பாலில் ஃபேட், அதாவது கொழுப்பு, ஏறியதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஏறவில்லை. பால் சொசைட்டிச் சீட்டை எடுத்துப் பார்த்தால் பழைய கணக்குதான். வடிக்கிற தண்ணீரோடு கொஞ்சம் புரதமும் போகத்தான் செய்யும். மிச்சம் என்பது தீவனச் செலவில் நாளுக்கு நூறு ரூபாய், அதில் விறகுக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். எங்களுக்குத் தோப்பில் மாங்கட்டை இருக்கிறது, விறகு விலைக்கு வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

கோழிக்குப் போடலாமா என்றால், நான் போட மாட்டேன். கடுகில் சினாபின் என்று வேறொன்று இருக்கிறது. பழுப்பு முட்டையிடும் சில ரகங்களுக்கு அது ஆகாது, முட்டையில் மீன் வாடை வரும். அடி பிடித்துக் கருகினால் லைசின் என்கிற புரதச் சத்து வேறு போய்விடும். மாடு தாங்கும், கோழி தாங்காது.

இனி குழாய்.

இத்தனை நல்ல டிரம்முக்கு அரை இஞ்ச் குழாய் வைத்தவர் ஒரு நாளாவது புண்ணாக்கு அவித்திருப்பாரா? புண்ணாக்கு கொதிநீரில் ஊறிக் கூழாகிவிடும். தட்டில் இருக்கிற ஓட்டை பெரிது, குழாய் வாய் சிறிது. உமி ஓட்டை வழியாக இறங்கி நேராகக் குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். திருகினால் இரண்டு சொம்பு தண்ணீர் வரும், பிறகு சொட்டும், பிறகு அதுவும் நிற்கும். சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்றை டிரம் பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறேன். தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு நான் மண்டிபோட்டு அந்தக் கம்பியைக் குழாய்க்குள் விட்டுக் குத்திக்கொண்டிருப்பேன். ஒருநாள் அடைப்பு திடீரென்று விட்டு, கொதிநீர் மணிக்கட்டில் பீய்ச்சியது. தழும்பு இன்னும் இருக்கிறது. தண்ணீரை வடிக்காமல் விட்டால் டாக்டர் சொன்னது வீண், வடிக்கப் போனால் கை வீண்.

காரிமங்கலம் பட்டறையில் போய்ச் சொன்னால், "நீங்க நைசா இடிச்சுப் போடறீங்க, அதான்" என்கிறார். கட்டியாகப் போட்டால் நடுவில் வேகாது. இரண்டாவது தடவை போனபோது குழாயைப் பெரிதாக்கிக் கொடுங்கள் என்றேன். அடி வலுவிழந்துவிடும் என்றார். சரி, வலுவாக இருக்கட்டும் என்று விட்டேன். இப்போது அந்தக் குழாய் சேருகிற இடத்தில்தான் மூன்று தடவையும் ஒழுகியிருக்கிறது. தினமும் கம்பியை விட்டுக் குடைந்தால் எந்த வெல்டு நிற்கும்? இந்தத் தடவை 1,200 ரூபாய். ஒரு வார்த்தை வருத்தம் கிடையாது.

நியாயமாகச் சொன்னால் ஸ்டீல் நல்ல ஸ்டீல். மூன்று வருடத்தில் துருப் புள்ளி இல்லை. மூடி இன்னும் வளையவில்லை. அடுப்பு வாய் அகலமாக இருப்பதால் முழுக்கட்டை போகிறது. வேலை என்று பார்த்தால் சொன்னதைச் செய்கிறது. இருந்தாலும் யார் கேட்டாலும் வாங்காதே என்றுதான் சொல்வேன்.

தம்பிக்கு நேற்று ராத்திரி திரும்பக் கூப்பிட்டு அதையே சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப உன்னுத பாதி விலைக்கு எனக்குக் குடுத்துடேன்க்கா" என்றான். அதை எதுக்குடா கொடுக்கிறது என்று சத்தம் போட்டேன். அரூர்ப் பக்கம் எங்காவது ஒன்றரை இஞ்ச் பித்தளை வால்வு கிடைத்தால் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.